நாகூர்க்காரருக்கு வண்டியைக் கொடுக்கலாமா?

கேள்வி: 2019-இல் காரைக்காலில் புதிதாக வாங்கிய யமஹா ஆர்15 வி3 வைத்திருக்கிறேன். பி.ஒய். 02 பதிவு. கடன் போன வருஷமே அடைந்துவிட்டது. அடுத்த மாதம் துபாய்க்கு வேலைக்குப் போவதால் விற்றாக வேண்டும். நாகூரிலிருந்து ஒரு தம்பி வந்து பார்த்தார். முழுப் பணமும் ரொக்கமாகத் தருகிறாராம். 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் பெயர் மாற்றத்தைப் பிறகு அவரே பார்த்துக்கொள்வாராம். திருநள்ளாற்றில் ஒருவர் எட்டாயிரம் குறைத்துக் கேட்கிறார். யாருக்குக் கொடுப்பது? சைலன்சரை மாற்றியிருக்கிறேன், அப்படியே விற்கலாமா?
- வாசகர், காரைக்கால்

பதில்: திருநள்ளாற்றுக்காரருக்கே கொடுங்கள். எட்டாயிரம் போகிறதே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நஷ்டமில்லை.

வாஞ்சூர் சோதனைச்சாவடியைத் தாண்டினால் வேறு மாநிலம். அன்றாடம் அந்தப் பக்கம் போய்வருகிற நமக்கு அது உறைப்பதில்லை. வண்டி விற்கும்போது உறைக்கும். பி.ஒய். வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். நாகப்பட்டினத்தின் டி.என். 51 எண் வாங்கும்போது, வண்டியின் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்டியாக வேண்டும். இத்தனை செலவு காத்திருக்கிற ஒருவர் உள்ளூர்க்காரரைவிடக் குறைத்துத்தான் கேட்க வேண்டும். கூட்டிக் கொடுக்கிறார் என்றால், பெயர் மாற்றுகிற எண்ணமே அவருக்கு இல்லாமல் இருக்கலாம். எனக்கு அந்த விலைதான் முதல் எச்சரிக்கையாகப் படுகிறது. இணையத்தில் தமிழ்நாட்டு வண்டிகளுக்குப் போட்டிருக்கும் விலையை உங்கள் வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்; அந்த வரி ஏற்கெனவே கட்டப்பட்ட வண்டிகள் அவை.

பெயர் மாறாவிட்டால் என்ன ஆகும்? 2018 பிப்ரவரியில் நவீன்குமார் - விஜயகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவாகவே பதில் சொன்னது. ஒரு கார் விற்கப்பட்டு, பல கை மாறி, விபத்தில் சிக்கியது. ஆர்சியில் மட்டும் முதலில் விற்றவர் பெயரே இருந்தது. விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியைக் கொடுத்ததும் பணம் வாங்கியதும் அவரைக் காப்பாற்றவில்லை.

நம் ஊருக்கென்று இன்னொரு ஆபத்தும் உண்டு. காரைக்காலில் மது விலை குறைவு என்பதால் எல்லை தாண்டிக் கடத்துவது ஓயாமல் நடக்கிறது; பைக்குகளும் அதில் பிடிபடுகின்றன. பிடிபட்ட வண்டியின் எண்ணை வைத்துத்தான் போலீஸ் உரிமையாளரைத் தேடும். நாகூர்த் தம்பி அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. தேதி போடாத படிவங்களோடு அவர் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டால், அந்த அடுத்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் துபாயில் இருப்பீர்கள். விசாரணைக்கு வருகிறவர்களுக்குக் கதவைத் திறப்பது உங்கள் அப்பா அம்மாவாக இருக்கும்.

அவருக்கே விற்பதென்றால் ஒரே வழிதான். காரைக்கால் போக்குவரத்து அலுவலகத்தில் 28-ஆம் படிவம் கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்குங்கள். அது கைக்கு வந்தபின் வண்டியைக் கொடுங்கள். விற்ற 45 நாளுக்குள் அந்தச் சான்றோடு தகவல் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டத்தின் 50-ஆம் பிரிவு. உள்ளூர் விற்பனைக்கு விற்றவருக்கு 14 நாள், வாங்கியவருக்கு 30 நாள் கெடு. அடுத்த மாதமே கிளம்புகிற உங்களுக்கு இதில் எது வசதி என்று நான் சொல்லத் தேவையில்லை. புதுச்சேரியிலிருந்து யாராவது கேட்டாலும் யோசிக்கலாம். தூரம்தான் அதிகம், பிரதேசம் ஒன்றே.

எந்தப் பக்கம் விற்றாலும் முதல் வேலை, கடன் அடைத்ததை ஆர்சியில் ஏற்றுவது. கடன் முடிந்தாலும் ஆர்சியில் வங்கியின் பெயர் தானாகப் போகாது. வங்கியிடம் 35-ஆம் படிவமும் கடன் தீர்ந்த கடிதமும் வாங்கி ஹைப்போதிகேஷனை நீக்குங்கள். ஆர்சியோடு இணைந்த கைப்பேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இணைய விண்ணப்பத்துக்கான ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். சிம் செத்துப்போனால் பெயர் மாற்றம் அந்தரத்தில் நிற்கும்.

சைலன்சர் விஷயத்தில் தயக்கமே வேண்டாம். பழையதைத் தேடி எடுத்து மாட்டுங்கள். வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது. மறுபதிவுக்கு வண்டியை நேரில் பார்க்கும்போதும் சிக்கலாகும். அதோடு, சத்தம் போடும் சைலன்சரைப் பார்த்ததுமே வாங்க வருகிறவர் வண்டியை எப்படி ஓட்டியிருப்பீர்கள் என்று கணித்துவிடுவார்.

விஷயம் தெரிந்தவர் வண்டி விழுந்திருக்கிறதா என்று அறிய மூன்று இடம் பார்ப்பார்: ஹேண்டில்பார் முனை, பிரேக் லீவரின் நுனி, புட்ரெஸ்ட்டின் ஓரம். ஃபேரிங்கில் கீறல் இருந்தால் இருக்கட்டும். விற்பதற்காகப் பெயின்ட் அடித்தால் பெரிய அடியை மறைக்கிறீர்கள் என்றே நினைப்பார்கள். கடற்கரை வண்டிக்கு உப்புக்காற்றின் தடயம் வேறு. முன் போர்க் குழாயில் துருப்புள்ளி விழுந்தால் ஆயில் சீல் கிழிந்து எண்ணெய் கசியும். முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டர் தகடுகள் வெள்ளை பூத்து உதிரும். இவற்றைக் கழுவித் துடைத்து, உள்ளபடி காட்டுங்கள். மழை வெள்ளத்தில் என்றைக்காவது வண்டி மூழ்கியிருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கக் கொடுக்குமுன் லைசென்ஸை வாங்கிப் பாருங்கள். இந்த மாதிரி வண்டிக்குப் பள்ளிக்கூடப் பையன்களும் வருவார்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டி கொடுத்தால் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. 18 வயது ஆகாதவர் என்றால் 25,000 ரூபாயும் 3 ஆண்டு வரை சிறையும்.

பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள்; திரையில் காட்டும் ரசீதை நம்பாமல் உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்தபிறகு சாவியைக் கொடுங்கள். ஒப்படைப்புச் சீட்டில் என்ஜின் எண், சேஸிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அன்று காலை பத்து மணிக்கு நடந்த விபத்தா, மாலை நடந்ததா என்ற கேள்வி வந்தால் அந்த மணிதான் பேசும். ஆனால் அந்தச் சீட்டு பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது. சில வாரம் கழித்து பரிவாகன் தளத்தில் எண்ணைத் தட்டி, பெயர் மாறியதை உறுதிசெய்யுங்கள்.

இன்சூரன்ஸ் வண்டியோடு போகும். 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது. நிறுவனத்திடம் அதற்கான கடிதம் வாங்கி வையுங்கள். 3 ஆண்டுக்குள் ஊர் திரும்பி வேறு பைக் வாங்கினால் அந்தத் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்கும்.