கொரோனாவும் வங்கிக் கடனும்



2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது நான் மூணாம் வகுப்பு. நாவலூரில் ஐ.டி. கம்பெனிகள் பூட்டியாச்சு. அப்பாவின் ஷேர் ஆட்டோ வீட்டு வாசலிலேயே நின்றது. ஆட்டோ கடனுக்கு மாசத் தவணை எப்படிக் கட்டுவது?

மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி, 3 மாதத் தவணையைத் தள்ளிவைக்க அனுமதி தந்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது.

"அப்பாடா, தள்ளுபடி!" என்றேன்.

"தள்ளுபடி இல்லடா, தள்ளிவைப்பு. வட்டி ஓடிக்கிட்டே இருக்கும்" என்றார் அப்பா.

ஏன் அப்படி? எதிர்வீட்டுப் பாட்டி போன்றவர்கள் போட்ட டெபாசிட்டைத்தான் வங்கி கடனாகத் தருகிறது. தவணை வராவிட்டாலும் பாட்டிக்கு வட்டி தரணும், கேட்டால் பணமும் தரணும். வங்கிக்கு ஆபத்து இங்கேதான்!

அதைச் சமாளிக்கச் செய்தவை:

1. வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டிய பணம், 100 ரூபாய் டெபாசிட்டுக்கு 4 ரூபாயிலிருந்து 3 ரூபாயானது. கையிருப்பு கூடியது.

2. ஏற்கனவே பாக்கி விழுந்து, தள்ளிவைப்பும் பெற்ற கடன்களுக்கு 100-க்கு 10 ரூபாய் ஒதுக்கி வைக்கச் சொன்னார்கள்.

3. ஊரடங்கிலும் வங்கிகள் இயங்கின.

அப்பாவின் கடன் முடியும் மாதம் தள்ளிப்போனது. பாட்டியின் பணம் பத்திரமாக இருந்தது.

கடன் வாங்கியவரும் நாமே, பணம் போட்டவரும் நாமே. யோசிப்போம்!