கரண்ட் இல்லாத நாளில் சூடாக ஒரு காப்பி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அப்படி ஒரு புயல் இன்று வந்தால், இண்டக்‌ஷன் அடுப்பையும் மின் கெட்டிலையும் மட்டுமே நம்பியிருக்கும் வீடுகளில் ஒரு குவளை வெந்நீர்கூடக் கிடைக்காது. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு, தீயோடு புழங்க வேண்டாமே என்று பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தவை இவை. நல்ல எண்ணம்தான். ஆனால் மாற்று வழி ஒன்றும் வீட்டில் இருக்க வேண்டும்.

காப்பிக்கு மின்சாரமே தேவையில்லை. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ருக்கு விழித்திருக்கக் கஹ்வா குடித்தவர்கள். நம் வீட்டு ஃபில்டருக்கும் கொதிநீர் போதும். கொட்டையாக வாங்கி வீட்டில் அரைப்பவர்கள் மட்டும் மழைக்காலத்துக்குக் கால் கிலோ தூள் வாங்கி வைத்துக்கொள்ளலாம். தண்ணீரை எதில், எங்கே வைத்துக் கொதிக்க வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

இன்வெர்ட்டரில் கெட்டிலைச் செருகாதீர்கள். விளக்கும் மின்விசிறியும் ஓடுவதற்கென்று வாங்கிய சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் 1500 வாட் கெட்டிலைத் தாங்காது. பேட்டரியில் இருப்பது வீட்டு நோயாளியின் நெபுலைசருக்கு மிச்சமிருக்கட்டும்.

எரிவாயு அடுப்பு இருந்தால் தீப்பெட்டி போதும். 5 கிலோ சிறிய சிலிண்டர் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. வெள்ளத்தில் மூழ்கிய சிலிண்டரை ஏஜென்சிக்காரர் பார்க்கும்வரை பயன்படுத்த வேண்டாம்.

கரியடுப்புதான் அஞ்ச வேண்டியது. வெளியே மழை அடிக்கிறதென்று அதை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்துவார்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வெளிப்படும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை நின்று கங்கு சிவந்திருக்கும்போதும் அது வந்துகொண்டேதான் இருக்கும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, வாந்தி, மயக்கம். தூங்குபவருக்கு இவை எதுவும் தெரியாமலே உயிர் போய்விடும். மலை ஊர்களில் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்தவர்கள் இறந்த செய்தியை நாளிதழ்களில் அவ்வப்போது பார்க்கிறோம். ஒரு சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறு. கரியடுப்பும் விறகடுப்பும் வீட்டுக்கு வெளியே, கூரை மட்டும் உள்ள தாழ்வாரத்தில் இருக்கட்டும். உள்ளே யாருக்காவது தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள்.

அடுப்பு வெளியே, ஆள் உள்ளே என்றால் இடையில் வேண்டியது ஒரு நல்ல ஸ்டீல் ஃபிளாஸ்க். முதலில் கொஞ்சம் கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். பிறகு கழுத்துவரை நிரப்புங்கள். அரைகுறையாக நிரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். பாலை ஃபிளாஸ்க்கில் வைக்காதீர்கள், கெட்டுப்போகும். பால்பவுடரே நல்லது. டிகாக்‌ஷனைத் தனியாக மூடி வைத்துக்கொண்டு, குடிக்கும்போது வெந்நீரில் கலந்துகொள்ளலாம். மழைநாளிலும் திங்கள், வியாழன் நோன்பை விடாதவர்கள் இரவு பத்து மணிக்கே ஃபிளாஸ்க்கை நிரப்பிவிட்டால், சஹருக்கு இருட்டில், தூக்கக் கலக்கத்தில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. வெள்ளம் புகுந்த ஊரில் கிணற்று நீரும் குழாய் நீரும் கலங்கியிருக்கும்; தெளியவைத்து வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விட்ட பிறகே நிரப்புங்கள்.

வீட்டுக்கொரு அடுப்பு என்றில்லாமல் தெருவுக்கு ஒன்று போதும். மதரஸா முற்றத்திலோ, தாழ்வாரம் அகலமான ஒரு வீட்டிலோ மூட்டலாம். தனியாக இருக்கும் பெரியம்மாக்கள், பிரசவித்த பெண்கள், படுக்கையில் இருப்பவர்கள் யார் யார் என்று மஹல்லாவில் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஃபிளாஸ்க்கில் பெயர் எழுதி ஒட்டி, காலையும் மாலையும் நிரப்பிக் கொடுக்கும் வேலையை இளைஞர்கள் ஏற்கலாம். வாங்கப் போகும்போதே, முதல் நாள் தலைவலி என்று சொன்னவர்களிடம் உள்ளே கரி மூட்டினீர்களா என்று கேட்டுவிடவும்.