பாதி ஃபீஸ் தள்ளுபடி, மீதிக்குக் கடன்: சேரலாமா?

கேள்வி: குமாரபாளையத்தில் நான்கு தறி வைத்து ஓட்டுகிறேன். வருமானச் சான்றிதழில் ஆண்டுக்கு 4 லட்சம் என்று இருக்கிறது. மூன்று சென்ட் வீட்டைத் தவிர வேறு சொத்து இல்லை. மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தாள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் அவள்தான். கவுன்சலிங்கில் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் ஈ.சி.ஈ. கிடைத்திருக்கிறது. முதல் பட்டதாரி சலுகை போக, ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 80 ஆயிரம் ஆகும் என்கிறார்கள்.

இதற்கிடையே ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறது. கல்விக் கட்டணம் வருடத்துக்கு 3.6 லட்சம், அதில் 50 சதவீதம் ஸ்காலர்ஷிப் என்று கடிதம் வந்திருக்கிறது. ஹாஸ்டலுக்கு 1.3 லட்சம் தனி. இந்த வாரத்துக்குள் 50 ஆயிரம் கட்டினால்தான் ஸ்காலர்ஷிப் நிற்குமாம். என்னால் வருடத்துக்கு ஒரு லட்சம் புரட்ட முடியும். மீதிக்கு பேங்க் லோன் வாங்கித் தருவதாக அவர்கள் ஆளே சொல்கிறார். பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பாதி ஃபீஸ் மிச்சமாகிறதே, கம்ப்யூட்டர் சயின்ஸை விடலாமா?

– வாசகர், குமாரபாளையம்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் கணக்கை வைத்துப் பார்த்தால் பர்கூர்தான் சரி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 50 சதவீதம். ஜவுளி வியாபாரம் தெரிந்தவர் நீங்கள். ஆடித் தள்ளுபடியில் விலைச்சீட்டு எழுதுகிறவரும் தள்ளுபடி தருகிறவரும் ஒரே ஆள்தான். எத்தனை சதவீதம் குறைத்தார்கள் என்று பார்க்காதீர்கள், நான்கு வருடத்துக்கு உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்று கூட்டுங்கள். பாதிக் கட்டணம் 1.8 லட்சம், ஹாஸ்டல் 1.3 லட்சம், தேர்வுக் கட்டணம், புத்தகம், போக்குவரத்துக்கு 30 ஆயிரம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 3.4 லட்சம். நான்கு வருடத்துக்கு 13.6 லட்சம். பர்கூரில் 3.2 லட்சம். தள்ளுபடி போனபிறகும் வித்தியாசம் 10 லட்சத்துக்கு மேல்.

அடுத்து, அந்தக் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். தள்ளுபடி கல்விக் கட்டணத்துக்கு மட்டுமா? நான்கு வருடத்துக்கும் உண்டா, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டுமா? ‘சி.ஜி.பி.ஏ. இத்தனைக்குக் குறையக் கூடாது, அரியர் இருக்கக் கூடாது’ என்ற நிபந்தனை பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் இரண்டு செமஸ்டர் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டவே சரியாக இருக்கும். அந்தச் சமயத்தில் ஒரு பேப்பர் நின்று, இரண்டாம் வருடத்திலிருந்து தள்ளுபடி போனால், மூன்று வருடத்துக்கு 5.4 லட்சம் கூடும். 13.6 லட்சம் 19 லட்சமாகிவிடும்.

இப்போது கடனுக்கு வருவோம். நீங்கள் வருடம் ஒரு லட்சம் போட்டால் மீதி 2.4 லட்சம்; நான்கு வருடத்துக்கு 9.6 லட்சம் கடன். படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி முதல் தொகை வந்த நாளிலிருந்தே ஓடும். 10 சதவீதம் தனிவட்டி என்று வைத்தால், தவணை தொடங்குவதற்குள் வட்டி மட்டும் சுமார் 3.4 லட்சம் சேர்ந்து, கடன் 13 லட்சத்தைத் தொடும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 17 ஆயிரம். பதினைந்து வருடமாக நீட்டினால் மாதம் 14 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறையும். ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் 25 லட்சம் போயிருக்கும்.

மகளுக்கு ஆண்டுக்கு 3.5 லட்சம் சம்பளத்தில் ஐ.டி. வேலை கிடைக்கிறது என்று வைப்போம். புதிதாகச் சேருகிற பெரும்பாலோருக்கு அந்த அளவில்தான் தொடங்குகிறது. பிடித்தம் போகக் கைக்கு 25 ஆயிரம், 26 ஆயிரம் வரும். சென்னையிலோ பெங்களூரிலோ தங்கிச் சாப்பிட 12 ஆயிரமாவது வேண்டும். 17 ஆயிரம் தவணையை எங்கிருந்து கட்டுவாள்? வேலை ஆறு மாதம் தள்ளிப்போனால் தவணை உங்கள் தலையில் விழும். கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவது நீங்கள்தானே. அதே சமயத்தில் பையனும் கல்லூரியில் சேர்ந்திருப்பான்.

வட்டி மானியத்தைப் பற்றிக் கேட்பீர்கள். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்விக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேருகிறவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா, மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் தருகிறார்களா என்பதை ஏஜென்டிடம் கேட்காதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் பாருங்கள், வங்கி மேலாளரிடம் நேரில் கேளுங்கள். மானியம் முழுதாகக் கிடைத்தாலும் 9.6 லட்சம் அசல் அப்படியே நிற்கும். பத்து வருடத்துக்கு மாதம் 12,700 ரூபாய்.

வித்யாலட்சுமி திட்டத்துக்குள் வராவிட்டால் வேறு சிக்கல். வழக்கமான கல்விக் கடனில் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஜாமீன் கேட்கும். வீட்டுப் பத்திரம், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வக்கீலின் லீகல் ஒப்பீனியன், மதிப்பீட்டு அறிக்கை என்று அலைய வேண்டும். அதற்கும் உங்கள் கைக்காசுதான். கடைசியில் மூன்று சென்ட் வீடு வங்கியில் இருக்கும். வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்று ஏஜென்ட் சொல்லியிருக்கலாம். அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 3.5 லட்சம் சம்பளக்காரருக்கு வரியே வராதபோது அதில் என்ன சலுகை?

முதல் பட்டதாரி சலுகையையும் லேசாக எண்ணாதீர்கள். அது அரசுக் கவுன்சலிங் வழியாகச் சேருகிறவர்களுக்கு, குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். மகள் அதைப் பயன்படுத்தாமல் வெளியே படித்துப் பட்டம் வாங்கிவிட்டால், பையனுக்கும் கிடைக்காது. தமிழ் வழியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் அவள் விண்ணப்பிக்கலாம். அரசு உதவி பெறும் பள்ளி மாணவிகளுக்கும் 2024 டிசம்பரில் அது விரிவாக்கப்பட்டது.

‘கம்ப்யூட்டர் சயின்ஸ் போகிறதே’ என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் வளாகத் தேர்வுக்கு வரும் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பல, ஈ.சி.ஈ. மாணவர்களையும் எடுக்கின்றன. அதோடு சிப் வடிவமைப்பு, எம்பெடட் சிஸ்டம்ஸ் வேலைகளுக்கு ஈ.சி.ஈ.தான் நேர்வழி. இரண்டு கல்லூரிகளையும் ஒப்பிட விளம்பரப் பலகையில் இருக்கும் ‘அதிகபட்ச சம்பள’த்தைப் பார்க்காதீர்கள், அது ஒரு பிள்ளையின் கதை. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் என்ன என்று அறிக்கை கொடுத்திருக்கும். அது கல்லூரி இணையதளத்திலேயே கிடைக்கும். மகளையே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வாரம் 50 ஆயிரத்தைக் கட்டாதீர்கள். அவசரப்படுத்துவது அவர்கள் வேலை. ஏற்கெனவே கட்டியிருந்தால், குறிப்பிட்ட தேதிக்குள் விலகுகிறவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர யு.ஜி.சி. விதி இருக்கிறது, எழுத்து மூலம் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்றும் 2018-லேயே யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது.

என் கருத்து எப்போது மாறும்? தள்ளுபடி நான்கு வருடத்துக்கும் நிபந்தனையின்றி உண்டு, ஹாஸ்டலுக்கும் உண்டு என்று எழுதித் தந்து, உங்கள் மொத்தக் கடன் 4 லட்சத்துக்குள் அடங்கினால் யோசிக்கலாம். அந்தத் தொகை வரை வழக்கமான கடனுக்குப் பெற்றோர் கையெழுத்தே போதும், வீட்டைத் தொட வேண்டியதில்லை. பிள்ளையின் முதல் வருடச் சம்பளத்தைப் பெரிதாகத் தாண்டிக் கடன் போகக் கூடாது என்பதே இதில் நான் வைக்கும் எல்லை.

கடைசியாக, கல்விக் கடனில் முதல் கடன்தாரர் உங்கள் மகள், நீங்கள் இரண்டாவது. மாதம் 17 ஆயிரம், பத்து வருடம் என்பதை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, அதன்பின் அவள் எந்தக் கல்லூரி என்கிறாள் என்று கேளுங்கள்.