எருக்குழிக்கு ஆகாத காகிதக் கோப்பை

காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடுவோருக்குத் தொழு எரு இன்றியமையாதது. வீட்டு விசேஷம் முடிந்ததும் எச்சில் இலைகளுடன் காகிதக் கோப்பைகளையும் தட்டுகளையும் எருக்குழியில் கொட்டிவிடுவோர் உண்டு. காகிதம்தானே, மட்கிவிடும் என்ற எண்ணம். இது தவறு.

வெறும் காகிதத்தில் சூடான தேநீர் நிற்காது, ஊறி ஒழுகிவிடும். ஆகவே உட்புறத்தில் பாலிதீனை உருக்கி மெல்லிய பூச்சாகப் படிய வைக்கின்றனர். சோதித்தறிவது எளிது. கோப்பையைக் கிழித்து ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காகிதத்தைத் தேய்த்து எடுத்தால், கண்ணாடி போன்ற சவ்வு கையில் மிஞ்சும். எருக்குழியிலும் இதுவே நடக்கிறது. காகிதம் மட்கும், சவ்வு துணுக்குகளாகி எருவுடன் வயலுக்குப் போகும். சேற்றில் கலந்தபின் பொறுக்கி எடுப்பார் யார்?

மாடுகளுக்குத்தான் கேடு அதிகம். பாயசமும் சாம்பாரும் ஒட்டிய கோப்பையை அவை விரும்பித் தின்னும். பாலிதீன் செரிக்காது. சாணத்தோடு வெளியேறாமல் முதல் இரைப்பையிலேயே சேர்ந்துவிடும். நாளடைவில் மாடு தீனி எடுக்காது; வயிறு உப்பும். முற்றினால் அறுவை செய்தே எடுக்க வேண்டிவரும்.

தமிழ்நாட்டில் இவ்வகைக் கோப்பைகளுக்கும் தட்டுகளுக்கும் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. காகிதக் கோப்பைத் தடையை 2023-ல் உச்சநீதிமன்றமும் ஏற்றது. விருந்துக்கு வாழையிலை, தையல் இலை, பாக்கு மட்டைத் தட்டு ஆகியவற்றைப் பயன்படுத்தினால் அப்படியே எருக்குழியில் போடலாம். தேநீருக்கு வீட்டு டம்ளரே போதும். கோப்பைகளை ஏற்கெனவே கொட்டியிருந்தால், எருவை வண்டியில் ஏற்றுமுன் கிளறிப் பொறுக்கிவிடுவது நன்று.