முதலில் வழி, கடைசியில் தொட்டில்

திருவனந்தபுரத்தில் பழவங்காடியில் குடியிருப்பவர்களுக்குக் கடைக்குப் பஞ்சமில்லை. பிள்ளையார் கோயிலைத் தாண்டினால் கிழக்கேகோட்டை, ரோட்டைக் கடந்தால் சாலைக் கடைத்தெரு. குழந்தைக்குக் குல்லா இல்லை என்று சாயங்காலம் ஞாபகம் வந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் வாங்கி வந்துவிடலாம். ஆனால் பிரசவ வலி கண்டால், மெடிக்கல் காலேஜ் வளாகத்திலுள்ள எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்குப் போக நகரத்தின் குறுக்கே ஆறேழு கிலோமீட்டர் ஓட வேண்டும். இருந்தும் முக்கால்வாசி வீடுகளில் கடைசி மாதம் கடையில்தான் கழிகிறது. வழி, காகிதம், ஆள் ஏற்பாடு எல்லாம் வலி வந்த பிறகு யோசிக்கிற விஷயமாகிவிடுகிறது. அதைத் திருப்பிப் போட்டுச் செய்யுங்கள். சாமான் கடைசியில் போதும். பிறக்கும் முன் துணிமணி வாங்கிக் குவிக்கக் கூடாது என்று பாட்டிகள் சொல்வார்களே, சாலை பஜார் பக்கத்தில் இருக்கும்போது அந்தப் பேச்சைக் கேட்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

34-வது வாரம்: எங்கே என்று முடிவு செய்யுங்கள்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்குத் தாய்வீடு நாகர்கோவில் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ இருக்கும். போவதென்றால் வளைகாப்போடு போய்விடுவது நல்லது. 37-வது வாரத்தில் புது ஊரில் புது டாக்டர் முன்னால் போய் உட்காருவது யாருக்கும் வசதியில்லை. பிரசவம் பார்க்கப்போகும் டாக்டர் அதற்கு முன் இரண்டு மூன்று தடவையாவது பார்த்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் கர்ப்பத்தைப் பதிந்து வாங்கும் பிக்மி எண் கட்டாயம். அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய நேரும். போய்ச் சேர்ந்த வாரமே அங்குள்ள சுகாதார நர்ஸிடம் பதிந்துகொள்ளுங்கள். இங்கே கொடுத்த தாய்சேய் அட்டையையும் ஸ்கேன் காகிதங்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இங்கேயே என்றால், அரசு ஆஸ்பத்திரிகளில் பக்கம் தைக்காடு பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரி. தம்பானூர் தாண்டினால் வந்துவிடும். ரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, குறைமாத பயம் என்று ஏதாவது இருந்தால் எஸ்.ஏ.டி.க்கு எழுதிக் கொடுப்பார்கள். சிறு வயதிலேயே இறந்துபோன திருவிதாங்கூர் இளவரசர் அவிட்டம் திருநாளின் நினைவாக 1952-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. பச்சைக் குழந்தைக்குத் தீவிர சிகிச்சை வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் கோடி காட்டினால், தனியார் ஆஸ்பத்திரியில் புக் செய்திருந்தாலும் ஒன்றைக் கேட்டு வையுங்கள்: ‘ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் இங்கேயே பார்ப்பீர்களா, வேறு எங்காவது அனுப்புவீர்களா?’ ரூம் வாடகையை விட இது முக்கியமான கேள்வி.

வழியை ஓட்டிப் பாருங்கள்

எஸ்.ஏ.டி.க்கு எல்லோருக்கும் தெரிந்த வழி எம்.ஜி. ரோடு, பாளையம், பட்டம். அந்த வழியிலுள்ள தலைமைச் செயலகத்தின் முன்னால் என்றைக்குப் போராட்டம் நடக்கும், என்றைக்கு ரோட்டை அடைப்பார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் தகரப்பறம்பு, ஸ்ரீகண்டேஸ்வரம், வஞ்சியூர், கண்ணம்மூலை வழியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரத்தில் ஒரு தடவை போய் எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். ‘கிளம்பலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா’ என்று பிறகு முடிவு எடுக்க உதவுவது அந்தக் கணக்குதான்.

மழை வேறு. பலத்த மழைக்குத் தம்பானூரிலும் பழவங்காடியிலும் தண்ணீர் கட்டுவது ஊரறிந்தது. 2015-ல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று ஓடைகளைத் தூர்வாரும் வேலையையே இதற்காகத் தொடங்கினார்கள். இடவப்பாதியிலோ துலா மழையிலோ தேதி விழுந்தால், வாசலில் முழங்கால் தண்ணீர் நின்றால் வண்டியை எந்த மூலையில் நிறுத்தச் சொல்வது என்று இப்போதே பேசி வையுங்கள். மாசி மாதம் தேதி என்றால் ஆற்றுக்கால் பொங்கல் நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அன்று கிழக்கேகோட்டையைச் சுற்றி ரோடு முழுக்கச் செங்கல் அடுப்புதான், வண்டி நகராது. தேதி நெருங்கியிருந்தால் முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம்.

ஆப் டாக்ஸியை மட்டும் நம்ப வேண்டாம். ராத்திரி போன் எடுப்பேன் என்று சொன்ன இரண்டு ஆட்டோக்காரர்களின் நம்பரைச் சுவரில் ஒட்டி வையுங்கள். ரத்தப்போக்கு, வலிப்பு என்றால் ஆட்டோ வேண்டாம், 108.

பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருப்பீர்கள். பழவங்காடியில் அது இல்லாமல் முடியாது. ஆனால் உடைக்கும் இடத்தில் சிதறிய ஓடும் தேங்காய்த் தண்ணீரும் காலடியில் வழுக்கும். வயிறு தள்ளிய நிலையில் காலை எங்கே வைக்கிறோம் என்று நமக்கே தெரியாது. வீட்டுக்காரர் உடைக்கட்டும், நீங்கள் தள்ளி நின்று கும்பிட்டால் போதும்.

35-வது வாரம்: ஒரு பிளாஸ்டிக் பை காகிதம்

துணிப்பை எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், காகிதப் பை கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்க வேண்டும். தாய்சேய் அட்டை, எல்லா ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள், இருவரின் ஆதார், ரேஷன் கார்டு, பாங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், இன்சூரன்ஸ் இருந்தால் அதன் அட்டை, எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல். மேல் காகிதத்தில் பெரிய எழுத்தில் ரத்த வகையும், ஒத்துக்கொள்ளாத மருந்தும். தாயின் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அதைச் சிவப்பில் எழுதுங்கள். குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அடுத்த பிள்ளையைக் காப்பது அந்த ஊசி.

அரசு ஆஸ்பத்திரியில் 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி சுகப்பிரசவமோ சிசேரியனோ செலவில்லை. மருந்து, பரிசோதனை, தேவைப்படும் ரத்தம், தாய்க்குச் சாப்பாடு, போக வர வண்டி எல்லாம் அதில் அடக்கம். முதல் குழந்தைக்கு மாத்ரு வந்தனா திட்டத்தில் 5000 ரூபாய் உண்டு. அங்கன்வாடியில் கேட்டு இப்போதே மனு கொடுத்துவிடுங்கள். கையில் குழந்தையோடு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஆள் ஏற்பாடு

வார்டுக்குள் துணைக்கு ஒரு பெண்தான். பைஸ்டாண்டர் என்பார்கள். அம்மாவா, மாமியாரா என்பதை வார்டு வாசலில் நின்று பேசித் தீர்க்க முடியாது. யாருக்குக் கால்வலி இல்லையோ, யார் ராத்திரி முழிப்பாரோ அவர் போகட்டும். மற்றவர் வீட்டில் சமையலையும் மூத்த பிள்ளையையும் பார்க்கட்டும். சம்பந்திகளுக்குள் மனக்கசப்பு வராமல் இருக்க இந்த முடிவைப் பிள்ளைத்தாய்ச்சியே சொல்வது நல்லது. ரத்தம் கொடுக்கத் தயாராக இரண்டு பேர் பெயரை எழுதி வையுங்கள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த மருமகள் என்றால், துணைக்கு இருப்பவருக்கு மலையாளம் தெரிந்திருக்கட்டும். குறைந்தது ‘குஞ்ஞினு அனக்கம் குறவாணு’ என்பதையாவது சொல்லத் தெரிய வேண்டும்: குழந்தை அசைவது குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்பா வளைகுடாவிலிருந்து வருகிறார் என்றால், பங்குனி, ஐப்பசி ஆராட்டு நாட்களில் பத்மநாபசுவாமியின் ஊர்வலம் ஓடுபாதையைக் கடப்பதற்காக விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடுவார்கள். டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

36-வது வாரம்: துணிப்பை

தாய்க்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று நான்கு, பெரிய சைஸ் பேட், உள்ளாடை, செருப்பு, துண்டு. ஒரு பிளாஸ்க், டம்ளர், வாளி, மக், போர்வை, நீள வயர் உள்ள போன் சார்ஜர். தங்கம் எதுவும் வேண்டாம். வளைகாப்பு வளையலைக்கூடக் கழற்ற வேண்டியிருக்கும்.

குழந்தைக்குத் தோர்த்துத் துண்டு போல ஒன்றும் கிடையாது. பாலராமபுரம் கைத்தறித் தோர்த்து சாலையில் எந்தத் துணிக்கடையிலும் கிடைக்கும். ஆறு வாங்கி, கஞ்சி போக இரண்டு தடவை அலசி, நல்ல வெயிலில் காயப்போட்டு மடித்து வையுங்கள். பிறந்த ஈரம் துடைக்க ஒன்று, சுற்ற ஒன்று, மற்றவை மாற்றுக்கு. புதுத்துணி மொடமொடப்பு அந்தத் தோலுக்கு ஆகாது. நன்றாகத் துவைத்த பழைய வேஷ்டித் துண்டு பளபளக்கும் ரெடிமேட் சட்டையை விட மேல். குல்லா ஒன்று, லங்கோடு பத்துப் பன்னிரண்டு. பால் புட்டியும் பால் பவுடரும் பையில் வேண்டாம். கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தால் முதல் அழுகைக்கே யாராவது கலக்கிவிடுவார்கள்.

எப்போது கிளம்புவது

தினமும் சாப்பிட்டபின் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டும். வராவிட்டாலும், வழக்கத்தை விட மந்தமாகத் தெரிந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே போக வேண்டும். ‘கடைசி மாசம் குழந்தை அசங்காது, இடம் இல்லை’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அசைவின் தினுசு மாறலாம், குறையக் கூடாது.

சூட்டு வலி வந்து வந்து போகும். ஒழுங்கு இருக்காது, கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அடங்கும். அம்மா சீரகக் கஷாயம் கொடுத்தால் குடிக்கலாம், தப்பில்லை. ஆனால் அது சூட்டு வலியா நிஜ வலியா என்று சொல்ல வேண்டியது கஷாயம் அல்ல, கடிகாரம். இடுப்பில் தொடங்கி முன்வயிற்றுக்கு இறுகி, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் தலைப்பிரசவக்காரி கிளம்பலாம். இரண்டாவது பிள்ளை இவ்வளவு பொறுக்காது. வலி ஒழுங்குக்கு வந்ததுமே கிளம்புங்கள். ஆபீஸ் நேரமாக இருந்தால் நீங்கள் குறித்து வைத்த நிமிஷங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலியை வரவழைக்க விளக்கெண்ணெய் குடிப்பது வேண்டாம். வயிற்றுப்போக்கும் வாந்தியும்தான் மிச்சமாகும்.

பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். பேட் வைத்து, மணியையும் நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதம் கூடாது. சளி போலக் கொழகொழவென்று லேசான ரத்தக் கோடு தெரிவது சகஜம். மாதவிலக்கு போல ரத்தம் போவது சகஜமில்லை. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்தில் திடீர் வீக்கம் இவை ரத்த அழுத்தத்தின் குறிகள். பிரசவம் முடிந்து ஆறு வாரம் வரைக்கும்கூட வரலாம். ‘தூக்கம் இல்லை, அதான் தலைவலி’ என்று பச்சை உடம்புக்காரியைப் படுக்க வைத்துவிடாதீர்கள்.

வீடும் மருந்தும்

தூளி கட்டுவதென்றால் கொக்கியை இப்போதே சோதியுங்கள். வாடகை வீட்டு விட்டத்தை நம்பாமல், பத்து கிலோ அரிசி மூட்டையைக் கட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்டுப் பாருங்கள். பகலில் ஆள் பக்கத்தில் இருக்கும்போது தூளி சரி. ராத்திரி குழந்தை சமமான, அமுங்காத படுக்கையில், மல்லாக்க, தலையணை இல்லாமல் தூங்கட்டும்.

சாலை அங்காடி மருந்துக் கடைகளில் பிரசவ மருந்து என்று கேட்டாலே மலையாள முறைப் பொட்டலமும் கிடைக்கும், நம் லேகியத்துக்கான சாமானும் கிடைக்கும். சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் சேர்ந்த லேகியம் ருசியானதுதான். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, கருப்பட்டியும் சர்க்கரைதான். பிரசவித்தவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் ‘வயிறு ஒட்ட’ வைக்கும் வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் அடங்கக் குடித்தாக வேண்டும்.

குழந்தைக்கு உருக்கு வெளிச்செண்ணெய் (உருக்குத் தேங்காயெண்ணெய்) லேசாகத் தேய்த்துக் குளிப்பாட்டலாம். முதல் நாள் குளியல் மட்டும் வேண்டாம். மூக்கில் காதில் எண்ணெய் விடுவது, மூக்கைப் பிடித்து நீட்டுவது, கண்மை, சாம்பிராணிப் புகை இவற்றைப் பாட்டியிடம் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். தொப்புள்கொடியில் எதுவும் தடவாமல் உலர விட்டால் தானே விழும்.

பிறந்த பிறகு, வீட்டுக்கு வருமுன்

ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. சேனை தொடுவது, தேனில் பொன்னும் வசம்பும் உரைத்து நாக்கில் வைப்பது இரண்டும் வேண்டாம். ஒரு வயதுவரை தேனே கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி குழந்தையின் நரம்பைத் தளர்த்திவிடும். பெரியவர்கள் மனம் நோகாமலிருக்க, பொன்னைக் குழந்தையின் உள்ளங்கையில் தொட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி, வைட்டமின் கே ஊசி ஆகியவை போட்டதாக அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் ‘சலபம்’ திட்டத்தின் கீழ் இதயம், காது, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்க்கிறார்கள். அந்த முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியே மாநகராட்சிக்கு அனுப்பிவிடும். 2024 முதல் சான்றிதழ் கே-ஸ்மார்ட் இணையதளம் வழியாக வருகிறது. பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரப்படாமல் விட்டுவிடலாம், ஒரு வருஷத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். ஆனால் அப்பா அம்மா பெயரில் பிழை விழக் கூடாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அந்த ஒரு சான்றிதழ்தான் ஆதாரம். நம் ஆட்களுக்கு இனிஷியல் ஒரு தொல்லை: ஆதாரில் பெயருக்குப் பின்னால், பாஸ்போர்ட்டில் விரித்து, ரேஷன் கார்டில் முன்னால். இரண்டு ராத்திரி தூங்காத அப்பாவிடம் ஃபாரத்தைக் கொடுக்காதீர்கள். நிதானமான சித்தப்பாவோ மாமாவோ ஆதார் நகலைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்து நிரப்பட்டும், அப்பா கையெழுத்து மட்டும் போடட்டும்.