ஒன்றரை அடிச் செடித் தொட்டிக்கு எந்த மீன், எந்த இறால்?

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் நிறத்தைப் பார்த்து மீனை வாங்கிவிட்டு, தண்ணீரைப் பற்றி வீட்டுக்குப் போன பிறகு யோசிப்பவர்களே அதிகம். முதலில் தண்ணீர், அப்புறம் இறால், கடைசியில்தான் மீன்.

நான் சொல்வது 18 அங்குல நீளமும் 12 அங்குல அகல உயரமும் உள்ள தொட்டிக்கு. மண், கல் போக 35 லிட்டர் தேறும். செடி நட்டு, ஸ்பான்ஜ் பில்டரை ஓடவிட்டு நான்கு வாரமாவது ஆகட்டும். சோதனையில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை கடைப் பக்கம் போக வேண்டாம்.

பலரும் தடுக்கி விழும் இடம் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். சென்னையில் பல வீடுகளின் போர் தண்ணீர் 800, 1000 என்று காட்டும். அது வேண்டாம் என்று சிலர் ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுகிறார்கள். அதில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. இறால் தோலுரிக்க முடியாமல் பாதியிலேயே செத்துப்போகும். இரண்டையும் கலந்து 200 முதல் 300க்குள் கொண்டுவாருங்கள். எந்த விகிதத்தில் கலந்தீர்கள் என்று எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் அதையே ஊற்றுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும். ஒரேயடியாகப் பாதித் தண்ணீரை மாற்றுவதும் இறாலைக் கொல்லும். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை மட்டும் தனி ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

அடுத்தது வெயில். மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரியைத் தொடும். நியான் டெட்ராவுக்கு அது தாங்காது. கிரிஸ்டல் ரெட் இறாலுக்குக் குளிர்ந்த, மென்மையான, சற்றே அமிலத் தன்மையுள்ள தண்ணீர் வேண்டும். நாள் முழுக்க ஏசி ஓடாத வீட்டில் அதைத் தொடவே கூடாது. செர்ரி இறால் 28 வரை நன்றாக இருக்கும். அதற்கு மேல் போனால் தண்ணீர்ப் பரப்பில் படும்படி ஒரு சின்ன மின்விசிறி வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

ஆகவே செர்ரி இறால்தான். பத்து பன்னிரண்டு போதும். பெரிதாகப் பார்த்து எடுக்காதீர்கள். சின்னவைதான் புதுத் தண்ணீருக்குச் சீக்கிரம் பழகும். சிவப்பு என்றால் சிவப்பு மட்டும். நீலமும் மஞ்சளும் கலந்து விட்டால் சில தலைமுறையில் குஞ்சுகளெல்லாம் மங்கிய பழுப்பாகிவிடும். பையோடு கவிழ்க்காமல் வாளியில் விட்டு, முடிச்சுப் போட்ட காற்றுக் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். ஒன்றரை மணி நேரமாவது ஆக வேண்டும். இதில் அவசரப்பட்டால் பலன் மறுநாள் காலையில் தெரியும். பிறகு வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

ஜாவா பாசி இரண்டு கைப்பிடி அவசியம். அதற்குள் குஞ்சுகள் ஓடுவதைப் பார்த்த பிறகே மீன். முதலில் மீனை விட்டால் குஞ்சு ஒன்றும் மிஞ்சாது.

மீனில் ஒரே வகைதான். என் தேர்வு எம்பர் டெட்ரா, எட்டு. இரண்டு சென்டிமீட்டர்தான் வளரும், வாய் சின்னது. தண்ணீர் கலக்கச் சோம்பலா? இறாலை மறந்துவிட்டு ஐந்து ஆண் கப்பி விடுங்கள், கடினத் தண்ணீரில் நன்றாக வாழும். பைட்டர் மீன் இறாலை வேட்டையாடும். மிஸ் கேரளா நான்கு அங்குலத்துக்கு மேல் வளரும் ஆற்று மீன், இந்தத் தொட்டி அதற்குச் சிறை. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கடைக்காரர் நீட்டும் சக்கர் ஒரு அடி தாண்டும். அதை வாங்கவும் வேண்டாம், பிறகு ஏரியில் விடவும் வேண்டாம். நம் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது.

தொட்டி உள்ள அறையில் கொசு மருந்து அடிப்பதை, லிக்விட் மாட்டுவதை நிறுத்துங்கள். ஸ்பான்ஜ் பில்டரை ஓட்டும் ஏர் பம்ப் அந்தக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது. செம்பு கலந்த மீன் மருந்தும் இறாலுக்கு விஷம்.

அடியில் இறால் போல ஒன்று அசையாமல் கிடந்தால் உடனே எடுத்து வீசாதீர்கள். கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தால் அது உரித்த தோல். இறால்களே அதைத் தின்று கால்சியத்தைத் திரும்பப் பெறும். வெளிறிய இளஞ்சிவப்பாக, உள்ளே சதையோடு இருந்தால் மட்டும் எடுத்துவிட்டு அன்றே அமோனியா பாருங்கள்.