பட்டன் இருந்தால் டயர் புதுசா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் கைமாறும் இடத்தில் தரகர் தவறாமல் ஒரு காரியம் செய்வார். டயர்மேல் விரலை ஓட்டி, "பாருங்க சார், முடிகூட உதிரலை. வண்டி ஓடவே இல்லை. இன்னும் அஞ்சு வருஷத்துக்கு டயர் செலவே கிடையாது" என்பார். வாங்குகிறவரும் தலையாட்டுவார். வீட்டிலேயே ஜாக்கியும் டார்க் ரெஞ்சும் வைத்துக்கொண்டு ஆயில், பிரேக் பேட் எல்லாம் தானே மாற்றிக்கொள்ளும் விவரமான ஆள்கூட இந்த ஒரு விஷயத்தில் ஏமாந்துபோகிறார். ஓடாத டயர் தேயாது. தேயாத டயர் புதியது. பட்டன், அதாவது டயரின் மேல்தடம், இருக்கிறவரை பயமில்லை. இந்த மூன்றில் முதலாவது மட்டும்தான் உண்மை.

ரப்பர் கிலோமீட்டர் கணக்கு பார்ப்பதில்லை. காற்றடித்த டயருக்குள் அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் ரப்பருக்குள் மெல்ல ஊடுருவி, எஃகுக் கம்பி அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் ரப்பரை இறுகவைக்கிறது. இறுகிய ரப்பர் வளைந்து கொடுக்காது. வேகமும் சூடும் சேரும் நாளில் அடுக்குகள் பிரிந்து, மேல்தோல் அப்படியே உரிந்து வரும். வெளியே ஒரு வெடிப்புகூடத் தெரியாமல் இது நடக்கலாம். வெளிப்பக்கத்தை ஓசோனிலிருந்து காப்பதற்கென்று ரப்பரில் மெழுகும் சில வேதிப்பொருள்களும் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு வளையும்போதுதான் அவை சரிவர மேலே கசிந்து வரும். ஆகவே உறைபோட்டு மூடி, மாதக்கணக்கில் நிறுத்திவைத்த காரின் டயருக்கு அந்தக் கவசமும் குறைவு. "ஓடவே இல்லை" என்பது பாராட்டாகுமா?

2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவின் சாந்தா கிளரிட்டாவில் நடிகர் பால் வாக்கரும் அவருடைய நண்பரும் இறந்த விபத்தை எல்லோரும் அறிவார்கள். கார், 600 குதிரைத்திறனைத் தாண்டும் போர்ஷே கரேரா ஜிடி. மணிக்கு 45 மைல் வரம்புள்ள சாலையில் 80 முதல் 93 மைல் வேகத்தில் போனதுதான் முதன்மைக் காரணம் என்றது விசாரணை. அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அதே விசாரணை, காரின் டயர்களுக்கு ஒன்பது வயது என்பதையும், அது காரின் பிடிமானத்தைக் கெடுத்திருக்கலாம் என்பதையும் பதிவுசெய்தது. முதல் பாதியைச் சொல்லிச் சொல்லி உச்சுக்கொட்டுகிறவர்கள் இரண்டாம் பாதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

அது ஸ்போர்ட்ஸ் கார், அளவுமீறிய வேகம் என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு இன்னொன்று. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், இசைவிழா முடிந்து திரும்பிய பேருந்து ஒன்று முன் டயர் வெடித்து விபத்துக்குள்ளானது. மூவர் இறந்தனர். அந்த டயருக்கு வயது 19. பேருந்தைவிட டயர் மூத்தது. தேய்மானத்தை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது ஓடத் தகுந்த டயர்தான். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்து வயது கடந்த டயர் கூடாது என்று 2021 பிப்ரவரியில் பிரிட்டன் சட்டம் கொண்டுவந்தது.

வெயிலின் பங்கு என்ன? அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2007-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில், ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு இருக்கிறது. டெக்சாஸ், கலிஃபோர்னியா, லூசியானா, ஃபுளோரிடா, அரிசோனா ஆகிய வெப்ப மாநிலங்களில் இருந்தவர்கள் பாலிசிதாரர்களில் 27 சதவீதம்தான். டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 சதவீதம் அங்கிருந்தே வந்தன. அவற்றிலும் 84 சதவீதம் ஆறு வயது தாண்டிய டயர்கள். சென்னையிலும் மதுரையிலும் மொட்டை வெயிலில் நிற்கும் கார்களுக்கு இதைத் தனியாக வேறு விளக்க வேண்டுமா?

வயதைப் பார்ப்பதற்கு மெக்கானிக் வேண்டியதில்லை. பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் டயர் 2000-க்கு முந்தையது. காரை அங்கேயே நிறுத்துங்கள். தேதியுள்ள முழு வரிசை பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அதுவும் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, சக்கரத்துக்குப் பின்னால் செல்போனை நுழைத்து டார்ச் வெளிச்சத்தில் படமெடுத்தால் முன் டயர் முடிந்தது. பின் டயருக்குத் தரையில் படுக்கத்தான் வேண்டும். சட்டை அழுக்காகும், பரவாயில்லை.

எத்தனை ஆண்டு? மிஷலின் ஐந்து ஆண்டுக்குப் பின் வருடந்தோறும் பரிசோதிக்கச் சொல்கிறது. பத்தாண்டு உச்ச வரம்பு. போர்ஷே தன் கையேடுகளில் ஆறு ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறது. வேகமாக ஓட்டுகிற காருக்கு, நம் வெயிலில், ஆறுதான் சரி.

மற்ற புரளிகளுக்கு இவ்வளவு இடம் தர வேண்டியதில்லை. நைட்ரஜன் அடித்தால் சூட்டில் அழுத்தம் ஏறாது என்பது பொய். வெப்பம் 10 டிகிரி கூடினால் நைட்ரஜனானாலும் சாதா காற்றானாலும் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும், சாதா காற்றில் 78 சதவீதம் ஏற்கெனவே நைட்ரஜன்தான். பாலிஷ் போட்டால் ஆயுள் கூடும் என்பதும் கதை. டயர் பளபளக்கும், அவ்வளவே. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னால் மாற்றிப்போட வேண்டும் என்ற அறிவுரை, பின் டயர் அகலமாக இருக்கும் போர்ஷே 911 போன்ற கார்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஸ்பேர் டயருக்குப் பதிலாகப் பல கார்களில் வரும் பஞ்சர் திரவப் பாட்டிலுக்கும் காலாவதித் தேதி உண்டு. அதைத் திருப்பிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கடைசியாக, டயர்க் கடைக்காரர்களோடு ஒரு வழக்கு. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டுக்குத் தயாரித்த தேதி பார்க்கிற நாட்டில், ஒரு ஜோடிக்கே பெருந்தொகை வாங்கும் டயரின் பில்லில் அளவும் விலையும் மட்டும் இருக்கிறது. தேதி ஏன் இல்லை? அபூர்வ அளவு டயர்கள் எளிதில் விற்காது; கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நிழலில் முறையாக அடுக்கிவைத்த ஓராண்டு, ஈராண்டு டயரில் குறையொன்றுமில்லை, ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும். நான்கு டயரின் தேதியையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே நான்கையும் படமெடுத்துவிடுங்கள். ஒரே செட்டில் மூன்று புதியது, ஒன்று கிழடு என்று வருவதும் உண்டு. எழுதித் தர மறுக்கும் கடையில் பணத்தை எடுக்காதீர்கள்.